வாசலில் ஒரு துணிக்கொடி

இந்தக் கையைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க அக்கா. உங்க கை இல்ல, ஜாக்கெட் கை. ஆங், அப்படித்தான். ரொம்ப இழுக்கவும் வேண்டாம், தொங்க விடவும் வேண்டாம். பச்சைப் புள்ளை கையைப் பிடிக்கிற மாதிரி. பஸ்ஸு ஆடுற ஆட்டத்துல ஹூக்கு ஓரிடத்துல நிக்க மாட்டேங்குது. இன்னும் கொஞ்சம்தான். உங்க முந்தானையை இப்படி மடியில பரத்திக்கிறேன், அடியில வைக்க மெத்துன்னு இருக்கு. பயப்படாதீங்க, ஊசி உங்க பக்கம் வராது.

கோவில்பட்டி மார்க்கெட் பக்கம் வந்து செண்பகம் டெய்லர் கடை எங்கன்னு கேட்டா யாரும் சொல்லுவாங்க. சொல்லிட்டுச் சிரிப்பாங்க. அது வேற விஷயம். கல்யாணத்தன்னிக்குக் காலையிலதான் ஜாக்கெட் கொடுப்பேன்னு எனக்கு ஒரு பேரு. ஆனா கொடுத்துடுவேன். இதுவரைக்கும் என்கிட்ட துணி கொடுத்த எந்தப் பொண்ணும் ஜாக்கெட் இல்லாம மணவறை ஏறினதில்ல.

இன்னிக்கும் அப்படித்தான். கழுகுமலையில கல்யாணம், ஒன்பது மணிக்கு முகூர்த்தம். பொண்ணுக்கு ரெண்டு ஜாக்கெட். முகூர்த்தத்துக்கு அரக்குப் பட்டு, சாயங்காலம் வரவேற்புக்கு இந்த மயில் கழுத்துக் கலரு. அரக்கு முடிஞ்சு, இஸ்திரி போட்டு, பையில பத்திரமா இருக்கு. இதோ, கவருக்கு வெளியே எட்டிப் பார்க்குது பாருங்க, அரக்கு. அந்தக் கவலை இல்ல.

நீங்க சங்கரன்கோவிலுக்குத்தானே டிக்கெட் எடுத்தீங்க? அப்ப கழுகுமலைக்கு முந்தின ஊரு, வானரமுட்டி, வந்தா எனக்கு ஒரு சத்தம் கொடுங்க. பேச ஆரம்பிச்சா எனக்கு ஊரு தெரியாது. போன மாசம் கழுகுமலையில இறங்க வேண்டியவ, கண்ணைத் திறந்து பார்த்தா சங்கரன்கோவில்ல நிக்கிறேன். தூங்கலக்கா, பக்கத்து சீட்டுல ஒரு அம்மாவுக்கு முருங்கைக்கீரை ஆய்ஞ்சு கொடுத்துக்கிட்டு இருந்தேன். அதுவும் நல்லதுக்குத்தான். அங்க ரெண்டு ஜாக்கெட் ஆர்டர் கிடைச்சுது. இன்னும் வெட்டல.

எங்க விட்டேன்? ஆங். நீங்க ஏறின உடனே போன்ல உங்க பையனைத் திட்டுனீங்களே, "ஒரு சொல்லு காதுல ஏறுதா உனக்கு, எத்தனை தடவைடா சொல்றது"ன்னு. தப்பா எடுத்துக்காதீங்க, அதைக் கேட்டதும்தான் எனக்கு வாய் திறந்துச்சு. ஏன்னா அந்த வார்த்தையை நான் எங்க மிருதுளாவுக்கு சாமிக்குப் பூ போடுற மாதிரி தினமும் போட்டவ.

மிருதுளா எங்க பொண்ணு. ஒரே பொண்ணு, பதினொண்ணாவது படிக்கிறா. அவளை எப்படிச் சொல்ல! பல் விளக்கப் போனா வாயில பேஸ்ட்டோட மாடியில நின்னு குருவி பார்ப்பா. தண்ணி கொண்டு வாடின்னா சொம்போட வருவா, தண்ணி இருக்காது. கணக்குப் பரீட்சைக்கு, காம்பஸ் வைக்கிற கணக்குப் பொட்டியை விட்டுட்டு சீப்பைக் கொண்டு போயிருக்கா. ஆனா வாய் இருக்கே, அப்பப்பா! ஒரு விஷயம் சொல்ல ஆரம்பிச்சா அது வேற விஷயத்துக்குப் போகும், அங்கேர்ந்து இன்னொண்ணுக்குப் போகும், கடைசியில எங்க ஆரம்பிச்சான்னு அவளுக்கே தெரியாது. எங்கேர்ந்து வந்துச்சோ அந்தக் குணம்! எங்க வீட்டுக்காரரோட அக்கா ஒருத்தி கொஞ்சம் வாயாடி, அந்தப் பக்கத்து ரத்தம்தான்.

எங்க வீட்டுக்காரரு சாது. பேரு குருசாமி. பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பர். இந்த பஸ்ஸையும் அவருதான் விசிலடிச்சு அனுப்பி வெச்சாரு, முன்னாடி ஏறி கண்டக்டர் தம்பி காதுல என்னமோ சொல்லிட்டு இறங்கினாரே, வெள்ளைச் சட்டை, அவருதான். டைம் கீப்பர் பொண்டாட்டிக்கு டைமே கிடையாதுன்னு ஸ்டாண்டே சிரிக்கும். சிரிக்கட்டும். எல்லாரும் டைமைப் பிடிச்சுக்கிட்டு இருந்தா ஜாக்கெட்டை யாரு தைக்கிறது?

இந்தப் பக்கம் கொஞ்சம் திருப்புங்க. ஆங். நூல் எங்க? உங்க தோள்ல கிடக்கு. கொடுங்க.

பத்தாவது படிக்கிறப்போதான் நிலைமை முத்திப்போச்சு. வாரத்துக்கு ஒரு தடவை ஸ்கூல்லேர்ந்து போன். உங்க பொண்ணு கவனிக்க மாட்டேங்குறா, உங்க பொண்ணு எழுந்து எழுந்து நடக்குறா, உங்க பொண்ணு பேப்பரை முழுசா எழுதாமலே கொடுத்துட்டா. நானும் என்னென்னமோ செஞ்சேன். வல்லாரைக்கீரை அரைச்சுக் கொடுத்தேன். டி.வி. ஒயரைப் பிடுங்கினேன். பிடுங்கினதுல மிக்சி ஒயரையும் பிடுங்கிட்டேன், மறுநாள் சட்னி இல்ல.

ஒரு நாள், இதைச் சொல்லணும். எங்கப்பாவும் டெய்லர். நான் சின்னப் புள்ளையா இருக்கிறப்போ ஓடிக்கிட்டே இருப்பேனாம். அவரு கரைத்துணி இருக்கில்ல, ஜவுளி ஓரத்துல கிழிக்கிற நீளத் துண்டு, அதால என் கணுக்காலைத் தையல் மிஷின் கால்ல கட்டிப் போட்டுருவாரு. "வீட்டுப்பாடம் முடிச்சாத்தான் அவிழ்ப்பேன்." முடிக்கவே மாட்டேன். கட்டிப் போட்ட இடத்துலேர்ந்து பெடலைப் பார்த்துப் பார்த்தே தைக்கக் கத்துக்கிட்டேன். சிரிப்பா இருக்கில்ல? எனக்கும் சிரிப்பா இருக்கும். நல்ல மனுசன், வலிக்கிற மாதிரி கட்ட மாட்டாரு.

அன்னிக்கு மிருதுளா கணக்குப் புத்தகத்தைத் திறந்துட்டு நூறு தடவை எந்திரிச்சிட்டா. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிப்போச்சு. கையில ஒரு கரைத்துணி இருந்துச்சு. நான் ஒண்ணும் சொல்லலக்கா. சும்மா கையில வெச்சிருந்தேன். அவ அதைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. தாத்தா கதையை நான்தான் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கேனே. மிஷின் பக்கத்துல போய் உட்கார்ந்து, காலை நீட்டிட்டா.

"கட்டும்மா. அப்பவாவது உட்காருறேனான்னு எனக்கும் பார்க்கணும்"னா.

கேலி இல்லக்கா. நிசமாத்தான் கேட்டா.

அந்தக் கரைத்துணியை அன்னிக்கே ஒரு பாவாடைக்கு நாடாவாப் போட்டுட்டேன். யாரு பாவாடைன்னு ஞாபகம் இல்ல. இருங்க, வானரமுட்டி வந்துருச்சா? இல்லையா? சரி.

அந்த வருசம்தான் கௌசல்யா டீச்சர் அந்த ஸ்கூலுக்குக் கணக்குக்கு வந்தாங்க. சின்னப் பொண்ணு, இந்தக் கழுகுமலைதான். என்னைக் கூப்பிட்டு அனுப்பினாங்க. நான் சண்டைக்குத் தயாரா போறேன். அவங்க ஒரு நாற்காலியைப் போட்டு, "அக்கா, உங்க பொண்ணு சோம்பேறி இல்ல"ன்னாங்க. இத்தனை வருசத்துல அதை யாரும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. "பாதிக் கணக்கு எழுதியிருந்தாலும் அந்தப் பாதி சரியா இருக்கு. மீதியை அவ ஜன்னல்ல விட்டுட்டு வர்றா. திருநெல்வேலியில எனக்குத் தெரிஞ்ச டாக்டரம்மா இருக்காங்க, ஒரு தடவை காட்டுங்க"ன்னாங்க.

அந்தக் கௌசல்யா டீச்சருக்குத்தான் இன்னிக்குக் கல்யாணம். இப்பத் தெரியுதா, நான் ஏன் ஓடுற பஸ்ஸுல ஹூக்கு வைக்கிறேன்னு? வேற யாருக்காவது லேட்டாப் போனாப் போகுது. இவங்க அந்த அரக்கு ஜாக்கெட் இல்லாம மணவறையில உட்கார்ந்தா நான் அதுக்கப்புறம் ஊசியைத் தொடக் கூடாது. துணி கொடுத்து ரெண்டு மாசமாச்சுன்னு கேட்காதீங்க. வெட்டி வெச்சேன். அப்புறம் அரக்கோட முதுகுல ஒரு மயில் வெச்சா நல்லா இருக்குமேன்னு தோணுச்சு. மயிலு வெச்சா தோகைக்குக் கல்லு ஒட்டணுமேன்னு தோணுச்சு. கல்லு வாங்கக் கடைக்குப் போனேன், அங்க நல்ல லேஸ் வந்திருந்துச்சு. ரெண்டு மாசம் போனதே தெரியல.

டாக்டரம்மா கதைக்கு வர்றேன். திருநெல்வேலிக்கு மூணு பேரும் போனோம். நல்ல தங்கமான மனுசி, வயசு ஐம்பது இருக்கும். மிருதுகிட்டே தனியாப் பேசினாங்க, என்னென்னமோ எழுதச் சொன்னாங்க, அப்புறம் எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வெச்சாங்க. இது ஏ.டி.எச்.டி.ன்னாங்க. இங்கிலீஷ்ல நாலு எழுத்து. தமிழ்ல என்னம்மான்னு கேட்டேன். நீளமா ஒண்ணு சொன்னாங்க, கவனக்குறைவுன்னு ஆரம்பிச்சுது. முடியறதுக்குள்ள நான் ஜன்னலைப் பார்த்துட்டேன். என்ன பண்றது, அந்த ஜன்னல் திரை இருக்கே, அடியில மடிப்பை எவனோ ஒன்றரை அங்குலம் கோணலா அடிச்சிருக்கான்! எப்படிச் சகிச்சுக்கிட்டு உட்காருறது? அவங்க பேசிக்கிட்டே இருக்காங்க, நானும் கேட்டுக்கிட்டேதான் எந்திரிச்சுப் போய், கொண்டை ஊசியால அந்தத் தையலைப் பிரிச்சு விட்டேன். பாதிதான் பிரிச்சேன். எங்க வீட்டுக்காரரு மேல சுத்துற ஃபேனையே பார்த்துக்கிட்டு இருக்காரு. மிருது வாயைப் பொத்திக்கிட்டு இருக்கா. டாக்டரம்மா மட்டும் என்னைப் பார்த்து அவ்வளவு அன்பாச் சிரிச்சாங்க. தொழில் தெரிஞ்சவளைப் பார்த்தா அப்படித்தான் சிரிப்பு வரும்.

அப்புறம் கேட்டாங்க, "உங்க ரெண்டு பேருல யாராவது சின்ன வயசுல இப்படி இருந்திருக்கீங்களா? ஓரிடத்துல உட்கார முடியாம?"

நான் சொன்னேன், "இல்லவே இல்லம்மா. நான் மணிக்கணக்கா உட்காருவேன். கட்டிப் போட்டிருப்பாங்கல்ல."

அவங்க எழுதிக்கிட்டு இருந்த பேனாவைக் கீழே வெச்சுட்டாங்க. ஏன்னு தெரியல, மை தீர்ந்துருச்சு போல.

அக்கா, அந்தம்மா சொன்னதை உங்களுக்குச் சொல்றேன், உங்க பையனுக்கு உதவும். இது திமிரு இல்லையாம். வளர்ப்புக் கோளாறும் இல்லையாம். அதைக் கேட்டதும் அங்கேயே அழுதுட்டேன், மூக்கைத் திரையிலயே துடைச்சேன். மூளை வேலை செய்யற தினுசு அப்படியாம். கத்தினா ஏறாதாம். பக்கத்துல போகணும். தோள்ல மெதுவாக் கை வைக்கணும். நம்ம முகத்தைப் பார்க்கிற வரைக்கும் காத்திருக்கணும். அப்புறம் ஒரே ஒரு விஷயம் சொல்லணும். "பல் விளக்கிட்டு, குளிச்சுட்டு, பாலைக் குடிச்சுட்டு, வர்றப்போ கதவைச் சாத்திட்டு வா" அப்படின்னு ரயில் பொட்டி மாதிரி கோக்கக் கூடாது. "பல் விளக்கு." அவ்வளவுதான். அதைத் திருப்பிச் சொல்லச் சொல்லணும். செஞ்சு முடிச்ச உடனே, சூடு ஆறுறதுக்குள்ள, நல்லாச் செஞ்சேடான்னு சொல்லணும். பெரிய வேலையைத் துண்டு துண்டாக் கொடுக்கணும். எனக்கு அது சட்டுன்னு பிடிபட்டுருச்சு. ஜாக்கெட்டுன்னா என்ன? கை, முதுகு, முன் பக்கம், பட்டி. ஒண்ணொண்ணா வெட்டி ஒண்ணொண்ணாத்தானே சேர்க்கிறோம்? கணக்குப் பாடத்தையும் அப்படி வெட்டிக் கொடுத்தேன்.

உட்கார வைக்காதீங்க, கால் ஆடினாத்தான் அவளுக்குப் புத்தி நிக்கும்னும் சொன்னாங்க. அதுக்கு ஒரு வழி நானே கண்டுபிடிச்சேன்! எங்கப்பாவோட பழைய கால் மிஷின் சும்மா கிடந்துச்சு. பெல்ட்டைக் கழட்டிட்டு, மேல பலகையைப் போட்டு, புத்தகத்தை வெச்சுட்டேன். அவ பாட்டுக்குப் பெடலை மிதிப்பா, அவ பாட்டுக்குப் படிப்பா. தடக் தடக் தடக். தெருவுல எல்லாரும், "செண்பகம் வீட்டுல ராப்பகலா மிஷின் ஓடுது, ஜாக்கெட் மட்டும் வர மாட்டேங்குதே"ன்னு பேசுறாங்க. மிஷின்ல தைச்சது ஜாக்கெட் இல்ல, கணக்குப் பாஸ்! அந்த மிஷின் கால்ல என்னைக் கட்டிப் போட்டாங்க. இவ அதையே மிதிச்சு ஏறிட்டா பாருங்க.

நூல் தீர்ந்துருச்சு. இருங்க, புது இழையைப் பல்லால கடிச்சு எடுத்துக்கிறேன்.

எல்லாத்தையும் விட எனக்கு நடந்த லாபத்தைச் சொல்லணும். நீங்க வேத்து மனுசி, அதனால சொல்றேன். எங்க வீட்டுக்காரரு இருக்காரே, டாக்டரம்மாகிட்டே போய்ட்டு வந்ததுலேர்ந்து ஆளே மாறிட்டாரு. முன்னெல்லாம் வாசல்லேர்ந்தே, "பாலு பொங்குது, போனு அடிக்குது, கரண்டு பில்லு என்னாச்சு"ன்னு கத்துவாரு. இப்பப் பக்கத்துல வர்றாரு. தோள்ல கை வைக்கிறாரு. நான் திரும்பிப் பார்க்கிற வரைக்கும் பேசாம நிக்கிறாரு. அப்புறம் கண்ணுக்குள்ள பார்த்து, "செண்பகம்"ங்கிறாரு. "பாலு அடுப்புல இருக்கு." அவ்வளவுதான்! கல்யாணமான புதுசுல கூட அப்படிப் பார்த்ததில்ல அக்கா. ஒரு ஜாக்கெட் முடிச்சு வெச்சா உடனே, "முடிச்சுட்டியா, அருமை"ங்கிறாரு. எனக்கு வெக்கம் தாங்கல. மறுநாளே மல்லிகைப்பூ வாங்கி வெச்சுக்கிட்டேன். மிருது என்னையும் பார்க்கிறா, அப்பாவையும் பார்க்கிறா, தலையணைக்குள்ள முகத்தை வெச்சுச் சிரிக்கிறா. வயசுப்புள்ளை, பார்த்தாப் பார்க்கட்டும்.

டாக்டரம்மாவுக்கும் என்னைப் பிடிச்சுப் போச்சு. போன வாரம் போயிருந்தோம். கிளம்புறப்போ, "வியாழக்கிழமை நீங்க மட்டும் தனியா வாங்கம்மா, கொஞ்சம் நிதானமாப் பேசணும்"னாங்க. ஜாக்கெட்டுக்குத்தான். அவங்க போட்டிருந்ததுல தோள் இறங்கி நின்னுச்சு, நான் பார்த்ததை அவங்க பார்த்துட்டாங்க. எல்லார் முன்னாலயும் அளவு கொடுக்கக் கூச்சப்படுறாங்க. டேப்பு எடுத்துட்டுப் போகணும்.

ஒண்ணே ஒண்ணுதான் எனக்குப் பிடிக்கல. கொடி. டாக்டரம்மா சொன்னாங்களாம், மறக்கக் கூடாத சாமானெல்லாம் கண்ணுல படணும், வாசல்ல இருக்கணும்னு. அப்பாவும் பொண்ணும் சேர்ந்து வாசப்படிக்குக் குறுக்கே ஒரு துணிக்கொடியைக் கட்டிட்டாங்க. நெத்தி உயரத்துக்கு! அதுல கிளிப்புப் போட்டு மறுநாளைக்கு வேண்டியது எல்லாம் தொங்கும். கணக்குப் பொட்டி, சாக்ஸு, சாப்பாட்டுக் கூடை. எடுக்காம வெளியே போக முடியாது, மூஞ்சியில இடிக்கும். பால்காரரு வந்தாக் கூட ஒரு சாக்ஸு அவரை ஆசீர்வாதம் பண்ணும். நம்ம வீடா, ஆடித் தள்ளுபடிக் கடையான்னு தெரியல. ஆனா அவ ஒரு மாசமா ஒண்ணும் மறக்கல, அதையும் சொல்லணும். நானா இருந்தா இந்த யோசனை வருமா?

அதோட விட்டாங்களா? கொஞ்ச நாளா என் மூக்குக்கண்ணாடி, என் கடைச் சாவி, என் போனு, எல்லாத்தையும் அதுலயே மாட்டி வைக்கிறாங்க. நான் சொல்லிட்டேன், "கொடி புள்ளைக்கு. எனக்கு எதுக்கு? எனக்கென்ன மறதியா?" அதுல தொங்குறதை நான் ஏறெடுத்தும் பார்க்கிறதில்ல. குனிஞ்சு அடியில பூந்து வந்துருவேன். இன்னிக்குக் காலையிலயும் அப்படித்தான், என்னென்னமோ தொங்குச்சு, நெத்தியில என்னமோ வழுவழுன்னு தடவுச்சு. நான் பாட்டுக்குக் குனிஞ்சு வந்துட்டேன்.

முடிஞ்சுது! கடைசி ஹூக்கு. பார்த்தீங்களா? ஓடுற பஸ்ஸுல! இதை மடிச்சு அரக்குக்குப் பக்கத்துல வெச்சுட்டா வேலை முடிஞ்சுது. அந்தக் கவரை எடுங்க அக்கா. ஆமா, அரக்கு தெரியுதுல்ல, அதுதான். பிரிங்க, உங்களுக்கும் மயிலைக் காட்டுறேன், பார்த்தா அசந்துருவீங்க.

இது என்ன?

இது துண்டு. இதுவும் துண்டு. அக்கா, இது வெட்டின மிச்சம். அரக்குத் துணியில வெட்டின மிச்சத்தைக் கவர்ல போட்டு வெச்சிருந்தேன், மிச்சத் துணியைத் திருப்பிக் கொடுக்கணும்ல. அதைத்தான் எடுத்துட்டு வந்திருக்கேன். ஜாக்கெட் எங்க? நல்லா உதறுங்க. கத்தரி இருக்கு, இட்லி இருக்கு, டி.வி. ரிமோட் எதுக்கு இருக்கு? ஜாக்கெட் இல்லையே! நெத்தியில வழுவழுன்னு தடவுச்சே. அக்கா, அது அரக்கு. கொடியில தொங்கினது அரக்கு. என் நெத்தியைத் தடவி, 'போகாதே'ன்னு சொல்லியிருக்கு, நான் குனிஞ்சு வந்துட்டேன்.

டீச்சர் மணவறையில எதைப் போட்டுக்கிட்டு உட்காருவாங்க? பஸ்ஸை நிறுத்தச் சொல்லுங்க. எதிர் பஸ்ஸுல ஏறித் திரும்பினா? ஒன்பதுக்குள்ள எப்படி வர்றது? போனு, என் போனைக் காணோம். போனும் கொடியில. ஐயோ, கண்ணாடியும்.

என்ன தம்பி மாடசாமி? டிக்கெட் எடுத்துட்டேனே. என்ன? உன்னைப் பார்க்கணுமா? இருப்பா, நானே... சரி, பார்த்துட்டேன். சொல்லு. "அரக்கு ஜாக்கெட் வருது." எங்க வருது? யாரு கொண்டு வர்றா? என்னது, முதல்ல திருப்பிச் சொல்லணுமா? அரக்கு ஜாக்கெட் வருது. சொல்லிட்டேன், போதுமா? ஏன்பா கண்டக்டர், உனக்கு இதெல்லாம் யாரு... பின்னால பார்க்கணுமா? ஒரு நேரத்துல ஒண்ணு சொல்றியே தம்பி, சரி, பார்க்கிறேன்.

அக்கா! பாருங்க, பாருங்க, ஆரன் அடிச்சுக்கிட்டு ஒரு பஸ்ஸு நம்மளைத் தாண்டுது! ஜன்னல்ல யாரு? மிருது! எங்க மிருதுளா! கையை ஆட்டுறா பாருங்க, கையில அரக்கு! அடியே, உள்ளே இழுடி, பறந்துறப் போகுது! அவங்க அப்பாதான் அடுத்த வண்டியில ஏத்தி விட்டிருப்பாரு, நம்ம தம்பிக்குப் போன் அடிச்சிருப்பாரு. டைம் கீப்பர்னா சும்மாவா! அவ வெளியே கிளம்பியிருப்பா, கொடியைப் பார்த்திருப்பா. பார்த்தீங்களா அக்கா? ஒரு சொம்பு தண்ணி ஒழுங்காக் கொண்டு வராத புள்ளை! எல்லாம் நான் பழக்கின பழக்கம்.

ஏன் சிரிக்கிறீங்க? சிரிங்க, சிரிங்க, எனக்கும் சிரிப்பாத்தான் வருது, கண்ணுல தண்ணியும் வருது.

மலை தெரியுது. கழுகுமலை வந்துருச்சு. வானரமுட்டி எப்பப் போச்சு? நீங்களும் சொல்லலையே! சரி, எந்திரிக்கிறேன். அக்கா, நீங்களும் ஏன் எந்திரிக்கிறீங்க, நீங்க சங்கரன்கோவில்தானே? இழுக்காதீங்க. நான் இழுக்கலையே, நீங்கதான்... ஐயையோ. கடைசி ஹூக்கு. உங்க முந்தானையையும் சேர்த்துத் தைச்சிருக்கேன். நல்லா அழுத்தமா வேற தைச்சிருக்கேன்! தம்பி, விசில் அடிச்சிராதே, நாங்க ரெண்டு பேரும் ஒரே ஜாக்கெட்டுல இருக்கோம்! கத்தரி, கத்தரி எங்க, இப்பத்தானே பார்த்தேன், இட்லிக்கு அடியில...

மிருது, நீ ஏன் ஏறுற? இறங்குடி, பஸ்ஸை எடுத்துருவாங்க. முகூர்த்தத்துக்கு ஓடு, ஜாக்கெட்டைக் கொடு, கண்ணாடி கொண்டு வந்தியா, அப்பா சாப்பிட்டாரா, பாலு...

ம்.

நின்னுட்டேன். உன்னைப் பார்த்துட்டேன். சொல்லு.

"முதல்ல மூச்சு விடு." விடுறேன். "அசையாம இரு." அசையல. வெட்டு. மெதுவா, அக்காவோட சேலை.

ஆங். வெட்டிட்டா பாருங்க, உங்க சேலையில ஒரு இழை போகல.

அக்கா. இவ இப்பத் தோள்ல கை வெச்சா, பார்த்தீங்கல்ல? இதே இடம். இதே மாதிரிதான். இவ்வளவு மெதுவா. நான் திரும்புற வரைக்கும் காத்திருந்து. இதே மாதிரிதான் அவரும்... ஏண்டி மிருது, அப்பா எனக்குச் செய்யறது டாக்டரம்மா சொன்னதையா? உனக்குச் சொன்னதையா எனக்குச் செய்யறாரு? நான் மல்லிகைப்பூ வாங்கி வெச்சேனேடி!

சிரிக்காதே. நீங்களும் சிரிக்காதீங்க அக்கா. வெச்சுக்கிட்ட பூவு வெச்சுக்கிட்டதுதான். அத்தனை பஸ்ஸுக்கு நேரம் பார்க்கிற மனுசன், நான் திரும்பிப் பார்க்கிற வரைக்கும் நின்னாருல்ல? டாக்டரு சொன்னா மட்டும் யாரு நிக்கிறா?

இறங்குறேன் தம்பி, இறங்கிட்டேன். மணி என்ன? எட்டரையா? போதும், போதும், கல்யாண மண்டபம் இந்தா இருக்கு. மயிலு ஆடும்!

அக்கா! ஜன்னல்கிட்டே வாங்க. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் உங்க பையன்கிட்டே ஒரே ஒரு விஷயம். தோள்ல கை வெச்சு. ஒண்ணுதான், சரியா? திருப்பிச் சொல்லுங்க! ஆங், அருமை!

அப்புறம் அந்த வியாழக்கிழமை. ஜாக்கெட்டுக்குத்தானே டாக்டரம்மா கூப்பிட்டிருப்பாங்கன்னு இவகிட்டே கேட்டேன். "நானும் கூட வர்றேம்மா"ங்கிறா, கையை விடாமப் பிடிச்சுக்கிட்டு. சரி, போய்த்தான் பார்ப்போம். கேட்குதா அக்கா? எதுக்கும் டேப்பை எடுத்து இன்னிக்கே அந்தக் கொடியில மாட்டி வெச்சுடுறேன்!